திரும்பினர்

அரைப்புள்ளிக்கு அந்தப் பட்டம் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, ஆளின் உயரம் அவ்வளவுதான். இன்னொன்று, எந்த வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வைத்து முடிக்க அவருக்கு மனசே வராது. கொலையோ கல்யாணமோ, நடுவில் ஓர் அரைப்புள்ளியைப் போட்டு, 'ஆனால்' என்று ஒரு வாலை ஒட்டிவிடுவார். இருபத்தாறு வருஷமாக அந்த மாலைப் பத்திரிகையில் துணை ஆசிரியர். ஊரில் நடக்கிறது எல்லாம் அவர் மேசைக்கு வந்து, கைகால் ஒடுங்கி, எட்டு வரிக்குள் அடங்கி உட்கார்ந்த பிறகுதான் ஜனங்களுக்குத் தெரியவரும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் வேலையில் கெட்டிக்காரர். வந்த வினையெல்லாம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் வந்ததுதான்.

யுத்தம் தொடங்கிய ஐந்தாவது வாரம் தணிக்கை அதிகாரி வந்து சேர்ந்தார். மீசையும் பூட்ஸுமாக ஒருத்தர் வந்து அதட்டுவார் என்று ஆபீஸே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. வந்தவரோ ஒரு பள்ளிக்கூடத்து இலக்கண வாத்தியார். குடை ஒன்று, தூக்குச் சட்டி ஒன்று, சிவப்பு நீலப் பென்சில் ஒன்று. அரைப்புள்ளியின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலிடத்திலிருந்து வந்த தாளை விரித்துவைத்தார். அச்சில் வரக்கூடாத சொற்கள் அதில் வரிசையாக இருந்தன. தோற்றனர் கூடாது. ஓடினர் கூடாது. இழந்தனர், சரணடைந்தனர், மாண்டனர் கூடாது. பின்வாங்கினர் என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"நான் போட்டதில்லைங்க, மேல இருந்து வந்தது," என்றார் அதிகாரி. ரொம்ப மரியாதையான மனுஷர். அவர் ஒரு நாளாவது கத்தியிருந்தால் பின்னால் அவரைத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

அதே வாரம் எல்லையோரத்துச் சந்தை ஊர் ஒன்று கைவிட்டுப் போனது. காலையிலேயே தந்தி வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு இயந்திரம் ஓட வேண்டும், முதல் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் ஓட்டை. அச்சுக்கோக்கிறவர் மேசைக்கே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் ஈய எழுத்தோடேயே கிடந்ததில் அவருக்கு ஈயம் என்றே பேர்.

"இடம் மாறினர்னு போடலாமா?" என்றார் அரைப்புள்ளி.

"வாடகை வீடா காலி பண்றாங்க?" என்றார் ஈயம்.

"நகர்ந்தனர்?"

"எந்தப் பக்கம்னு கேப்பாங்களே," என்றார் அதிகாரி வருத்தத்தோடு.

மணி ஒன்றே முக்கால். அரைப்புள்ளி பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். அப்புறம் சாதாரணமாக, கடைக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்: "திரும்பினர்."

அதிகாரி அந்தச் சொல்லை வாயில் போட்டு உருட்டிப் பார்த்தார். நம் படையினர் திரும்பினர். போனவர்கள் திரும்புகிறதில் என்ன குற்றம்? ஆடு மாடு திரும்புகிறது, ஆபீஸ் போனவன் திரும்புகிறான். பொய்யும் இல்லை. அந்த ஊரை விட்டு இந்தப் பக்கம்தானே வந்தார்கள். "அருமையான சொல்லுங்க," என்று நீலப் பென்சிலால் சரி போட்டார் அதிகாரி. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி அரைப்புள்ளிக்குக் காது சிவந்துவிட்டது. இதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அன்றைக்கு அவர் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு வந்த வாழ்வு சாதாரண வாழ்வு இல்லை. அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் எல்லாப் பத்திரிகைக்கும் எழுதியது, வானொலியில் நாலு வேளையும் அதுவே ஒலித்தது. உப்பளத்திலிருந்து திரும்பினர். சுரங்க நகரத்திலிருந்து திரும்பினர். தினமும் ஆறு எழுத்தைப் பொறுக்கிக் கோத்து அலுத்துப்போய், ஈயம் அந்தச் சொல்லை மொத்தமாகக் கோத்து நூலால் கட்டி, மேசை ஓரத்தில் தயாராக வைத்துக்கொண்டார். எது தீர்ந்தாலும் அது மட்டும் தீராது என்பார்.

ஜனங்கள் ஒன்றும் மக்குகள் இல்லை. மூன்றாவது மாதமே பேப்பர் கடையில் நின்று படிக்கிறவர்கள் வரைபடத்தில் விரலை வைத்து, "இங்கிருந்து திரும்பியாச்சா, அப்ப இந்த ஊரும் போச்சு," என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. அவர்கள் அந்தச் சொல்லை மட்டும்தான் பார்த்தார்கள்.

அரைப்புள்ளியின் அக்கா அப்படிப் படித்தவள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்குப் புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. இருவருமாக மூன்றாம் சந்தில் மாடி வீட்டில் குடியிருந்தார்கள். முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, காஜா எடுப்பது எல்லாம் அவள் வேலை. ஒரே பிள்ளை. தெருவே அவனை நெட்டை என்றுதான் கூப்பிடும். மாமனும் மருமகனும் சேர்ந்து நடந்தால், அரைப்புள்ளியும் ஆச்சரியக்குறியும் போகிறது என்று ஆபீஸில் கேலி பண்ணுவார்கள். நெட்டை மூன்றாம் படையில் இருந்தான். ஆற்றுப் பாலத்தைக் காக்கிற படை.

சாயந்தரம் பேப்பரைக் கொண்டுவந்து வைத்ததும் அக்கா வாயில் இருக்கிற குண்டூசிகளை எடுத்துவிட்டு முதல் பக்கத்தைப் படிப்பாள். "இன்னிக்கும் நம்ம பசங்க திரும்பிட்டாங்களாம்டா. நல்லதாப் போச்சு. எந்தத் தாயோ நிம்மதியாத் தூங்குவா." அரைப்புள்ளி காப்பியை ஆற்றிக்கொண்டே இருப்பார். அந்தச் சொல் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத் தொண்டை வரைக்கும் வரும். ஆபீஸ் ரகசியம் என்று தன்னையே அடக்கிக்கொள்வார். ரகசியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் இல்லை.

ஒன்பதாவது மாதம் போர்முனைச் செய்தியாளர் தோளில் கட்டோடு வந்து சேர்ந்தார். அச்சுக்கோக்கிற கூடத்தில் எல்லோருமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் அரைப்புள்ளியைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க சொல் அங்க நல்லா ஓடுது சார்."

"எந்தச் சொல்?"

"திரும்பினர்தான். பேப்பர் அங்கயும் வருதில்ல. இப்பல்லாம் எவனும் செத்தான்னு சொல்றதே இல்ல. 'திரும்பிட்டான்'தான். நேத்து ஆறு பேர் திரும்பிட்டாங்க, வண்டி அனுப்புங்கன்னு டெலிபோன்ல சொல்றான். மொதல்ல கேலியாத்தான் ஆரம்பிச்சது. இப்ப அதுதான் பேச்சு."

ஈயம் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். தணிக்கை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அரைப்புள்ளியின் தேநீரில் ஏடு படிந்துவிட்டது. தன் சட்டையை யாரோ முன்பின் தெரியாதவன் போட்டுக்கொண்டு தெருவில் போகிறதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவருக்கு. ஆனாலும் மறுநாள் அந்தச் சொல்லைப் போட்டார். அதற்கடுத்த நாளும் போட்டார். போடாமல் என்ன செய்வது? பட்டியல் சுவரிலேயே தொங்குகிறது.

பதினான்காவது மாதம் பாலம் போனது.

தந்தியில் ஒன்றே முக்கால் வரிதான். மூன்றாம் படை பாலத்தை விட்டது, மேற்கொண்டு தொடர்பு இல்லை. அரைப்புள்ளி அதை நாலு தரம் படித்தார். அப்புறம் வழக்கமான இடத்தில் வழக்கமான சொல்லை எழுதினார். தாளை வாங்கிப் பார்த்த ஈயம் நகராமல் நின்றார்.

"சார், உங்க மருமகன் அந்தப் படையிலதானே?"

"கோத்துட்டுப் போங்க. மணியாகுது."

அன்று சாயந்தரம் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் நினைத்தார். அக்கா அதற்குள் கீழ்வீட்டில் வாங்கிப் படித்துவிட்டாள். மாடிப்படியிலேயே நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணாம் படை திரும்பிடுச்சுடா. நம்ம நெட்டை வர்றான்டா," என்றாள். ஐம்பத்தெட்டு வயசுக்காரி. சிரித்தால் முன்பல் ஒன்று இல்லாதது தெரியும் என்று எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள், அன்றைக்குப் பொத்திக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று மணி ரயிலுக்கு ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தாள். நாலாம் நாள் ரயில் நின்றுபோனது. பஸ் வருமென்று பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். மீதி நேரத்தில் பிள்ளையின் பழைய காற்சட்டைகளை எடுத்து மடிப்பைப் பிரித்து நீளம் விட்டாள். இன்னும் ஒரு விரல் வளர்ந்திருப்பான் என்றாள். இருபத்து மூன்று வயசில் எவன் வளர்கிறான் என்று அரைப்புள்ளி கேட்கவில்லை.

இதற்குள் பீரங்கிச் சத்தம் பகலிலேயே கேட்கத் தொடங்கியிருந்தது. மேல்மாடியில் யாரோ பீரோவை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ, அதற்குள் ஊர் கைமாறிவிடும் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். எதிராளி பிடித்த ஊர்களில் என்ன நடந்தது என்பதும் ஆபீஸுக்குத் தெரியும், அச்சிடவில்லை, அவ்வளவுதான். வீடு வீடாக ஏறினார்கள். பிள்ளையைப் படைக்கு அனுப்பிய வீடு எது என்று விசாரித்துக்கொண்டு ஏறினார்கள். மேலிடம் பத்திரிகையைத் தெற்கே வேறொரு ஊருக்கு மாற்றச் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு லாரி. குடும்பத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கப்புறம் வண்டி கிடையாது.

புதன்கிழமை அரைப்புள்ளி அக்காவிடம் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

"நான் எப்படிடா வருவேன்? வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டா, அவன் வந்து எவன் வீட்டு வாசல்ல நிப்பான்?"

"அக்கா, இங்க இருந்தா உயிருக்கு உத்தரவாதம் இல்ல. நெட்டை வீடுன்னு தெருவுக்கே தெரியும். காட்டிக் குடுக்க ஒருத்தன் போதும்."

"அவன் வரட்டும். மூணு பேருமாப் போவோம். திரும்பிட்டாங்கன்னு போட்டுப் பதினோரு நாளாச்சு. நடந்து வந்தாக்கூட இன்னிக்கோ நாளைக்கோ வந்துடுவான்."

நியாயம்தானே அவள் சொல்வது. அச்சில் இருப்பதை அப்படியே நம்பினால் அதுதான் கணக்கு. அரைப்புள்ளி தரையில் உட்கார்ந்தார். மெஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில், சின்ன வயசில் அவளிடம் அடி வாங்குகிறதற்கு முன்னால் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து, சொல்லிவிட்டார்.

"அந்த வார்த்தைக்கு அது அர்த்தம் இல்லக்கா."

"எந்த வார்த்தை?"

"திரும்பினர். அது வீட்டுக்கு வர்றதில்ல. தோத்து அந்த இடத்தை விட்டுட்டாங்கன்னு அர்த்தம். தோத்துட்டாங்கன்னு போடக் கூடாதுன்னு உத்தரவு. அதனால அந்த வார்த்தை. நான்தான் கண்டுபிடிச்சேன்."

அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவ்வளவும் செய்ய வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

"எத்தனை மாசமா?"

"பதினாலு."

"அப்ப நான் தினமும் உக்காந்து என்னத்தடா படிச்சேன்?"

பொய் இல்லக்கா, வெறும் சொல்தான் என்று என்னமோ முணுமுணுத்தார். அவருக்கே அது காதில் விழவில்லை. அக்கா அன்றைய பேப்பரை எடுத்து நாலாக மடித்து மெஷின் காலுக்கு அடியில் கொடுத்தாள். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"சரி. இனிமே உன் பேப்பர் எனக்கு வேண்டாம். பெரிய ரோட்டுல பசங்க வர ஆரம்பிச்சுட்டாங்களாம். கண்ணால பாத்தவங்களைக் கேக்கறேன். எம்புள்ள இல்லைன்னு ஒருத்தன் சொல்லட்டும், உன்கூட லாரி ஏறறேன்."

இதைக் கேட்டு அரைப்புள்ளிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கொடுமைதான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். நெட்டை இருக்க மாட்டான் என்று அவர் மனசுக்குத் தெரிந்துவிட்டது. அதை இன்னொருத்தன் வாயால் சொல்லிவிட்டால் அக்காவையாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தார். எட்டு வரிக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிற பழக்கம் எங்கே போகும்?

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே இருவரும் பெரிய ரோட்டு முனைக்குப் போய்விட்டார்கள். சாலை நிறையச் சிப்பாய்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அணிவகுப்பு என்று சொல்ல முடியாது. சினிமா விட்டு வருகிற கூட்டத்துக்குக்கூட இதைவிட ஒழுங்கு இருக்கும். சிலரிடம் துப்பாக்கி இல்லை. ஒருத்தன் கோழிக்கூண்டைச் சுமந்துகொண்டு போனான், உள்ளே கோழி இல்லை. யாரும் யாரோடும் பேசவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.

அக்கா ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறுகையில் நெட்டையின் போட்டோவோடு நடைபாதை ஓரமாக நின்று, ஒவ்வொருத்தனையும் கேட்டாள். "மூணாம் படையாப்பா?" தலையாட்டல்கள், உதட்டுப் பிதுக்கல்கள். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. அரைப்புள்ளி கடிகாரத்தைப் பார்ப்பது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்கு ஒரு சிப்பாய் நின்றான். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ரப்பர் செருப்பு. காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். மூன்றாம் படை என்றான். போட்டோவை வாங்கிப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"நெட்டைம்மா இது. எங்க கூடாரம்தான்."

"எங்கப்பா அவன்? பின்னாடி வர்றானா?"

அவன் அவளைப் பார்த்தான். போட்டோவைப் பார்த்தான். கடைசியில் தன் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவன் பாலத்துக்கிட்டயே திரும்பிட்டாம்மா. மொத நாளே."

சொல்லிவிட்டுப் போட்டோவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"மொத நாளேவா," என்றாள் அக்கா. அவள் முகம் மலர்ந்ததை அரைப்புள்ளி பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க அவர் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். "மொத நாளே திரும்பிட்டானாம்டா, கேட்டியா? அப்ப வேற வழியாத்தான் வந்துட்டு இருப்பான். நான் இங்க நின்னுட்டு இருக்கேன், அவன் அங்க வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருக்கப் போறான்." சிப்பாய்க்குச் செம்பை நீட்டினாள். அவன் ஒரு மடக்குக் குடித்தான், தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தோடு நடந்துவிட்டான்.

"அக்கா," என்றார் அரைப்புள்ளி. "அவன் சொன்னது அது இல்ல."

"என்ன இல்ல?"

"அவங்க பேச்சுல திரும்பிட்டான்னா வேற. என் வார்த்தையத்தான் எடுத்து அவங்க... ஆபீஸ்ல சொன்னாங்க. திரும்பிட்டான்னா செத்துட்டான்னு அர்த்தம். நெட்டை செத்துட்டான்க்கா."

பதினாலு மாதமாக அவர் எழுதாத, சொல்லாத சொல். சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா கோபப்படவில்லை. காய்ச்சல்காரன் பிதற்றுவதைக் கேட்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டாள். "நேத்து என்ன சொன்ன? திரும்பினர்னா தோத்துட்டாங்கன்ன. இன்னிக்குத் திரும்பிட்டான்னா செத்துட்டான்ங்கற. நாளைக்கு என்னடா சொல்லுவ? பேப்பர்ல வர்றதுதான் பொய்னு நீயே சொன்ன. இந்தப் புள்ள பேப்பரா? கூடவே இருந்தவன், கண்ணால பாத்தவன். அவன் எதுக்கு என்கிட்டப் பொய் சொல்லணும்? என்னை லாரில ஏத்தணும், அவ்வளவுதானே உனக்கு?"

அவள் செம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நடை இல்லை, ஓட்டம்.

அரைப்புள்ளி எதிர்த்திசையில் ஓடினார். குள்ளமான ஆள், கூட்டத்தில் முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே ஓடினார். ஒரு பூட்ஸ், ஒரு ரப்பர் செருப்பு. பேக்கரி தாண்டி அவனைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம். எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போயிடு. பக்கத்துச் சந்துதான்."

"சொன்னேனே சார்."

"அவளுக்குப் புரியல. உயிரோட வர்றான்னு நினைச்சுட்டா. நேரா சொல்லணும். செத்துட்டான்னு அந்த வார்த்தையச் சொல்லணும். இல்லன்னா அவ ஊரை விட்டுக் கிளம்ப மாட்டா."

சிப்பாய் நின்றான். பின்னால் வந்தவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். ரொட்டியை எங்கேயோ தவறவிட்டிருந்தான்.

"என்னால முடியாது சார். அவங்களைப் பாத்தீங்கல்ல."

"உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பதினேழு பேர் வீட்டுக்குச் சொல்லணும் சார் நான். கூடாரத்துல மிச்சம் நான் ஒருத்தன்தான். அந்த வார்த்தையச் சொல்லித்தான் சொல்லணும்னா ஒரு வாசல்லயும் என்னால போய் நிக்க முடியாது. அதுக்குத்தானே சார் இது இருக்கு, திரும்பிட்டான்னு. எவன் கண்டுபிடிச்சானோ, புண்ணியவான்."

அவன் போய்விட்டான். அரைப்புள்ளி பேக்கரியின் மூடிய கதவில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதார். சாலையில் யாரும் அதைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் அன்றைக்கு அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. அக்கா கதவுகளை விரியத் திறந்துவைத்து, நெட்டையின் மெத்தையை ஜன்னலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கெஞ்சினார். காலில் விழுகிறேன் என்றார், விழவும் செய்தார். கையைப் பிடித்து இழுத்தார். அவள் மெஷினை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் எப்போதும் கைவலு அதிகம்.

"நீ கிளம்புடா. லாரியை விட்டுடாத. பத்திரிகைக்காரனைக் கண்டா அவனுங்க சும்மா விட மாட்டாங்க. அவன் வந்ததும் நாங்க ரெண்டு பேரும் பின்னாடியே வந்துடறோம். எந்த ஊர்னு ஒரு சீட்டுல எழுதி வெச்சுட்டுப் போ."

எழுதிவைத்தார். அவளோடேயே இருந்துவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. நினைத்தார். சுவரோடு நிறுத்தி வைக்கப்பட்ட பத்திரிகைக்காரர்களைப் பற்றி வந்த தந்திகளையும் நினைத்தார். பயம் ஜெயித்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

லாரி புறப்படத் தயாராக நின்றது. எழுத்துப் பெட்டிகள் அடியில், அதன்மேல் குடும்பங்கள். ஈயத்தின் மனைவி, இரண்டு பெண்கள், கணக்குப்பிள்ளையின் வீட்டார், குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தணிக்கை அதிகாரி. ஓரத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அதில் யாரும் கால் வைத்துவிடாதபடி ஈயம் காவல் காத்துக்கொண்டிருந்தார். கையைக் கொடுத்து அரைப்புள்ளியை ஏற்றிவிட்டார்.

"அக்கா எங்க சார்?"

மூச்சு வாங்கியது. யோசிக்காமல், வாயில் வந்ததை, உள்ளதை உள்ளபடியே சொன்னார்: "வீட்டுக்குத் திரும்பிட்டாங்க."

ஈயத்தின் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஈயம் அவர் தோளைப் பிடித்தார், விடவே இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

இல்லை, அதில்லை என்று சொல்ல அரைப்புள்ளி வாயைத் திறந்தார். வீட்டுக்குப் போயிட்டாங்க என்று மாற்றிச் சொல்லலாம். அதற்கும் அதே அர்த்தம்தான். இருக்காங்க என்று ஒரு சொல் மிச்சம் இருந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, கணக்குப்பிள்ளையின் மனைவி யாரையும் பார்க்காமல் தன் மூட்டையை நகர்த்தி அக்காவுக்காக வைத்திருந்த இடத்தில் வைத்தாள். லாரி கிளம்பியது.